நாயும் பூனையும் ஒரே வீட்டில்: தெள்ளும் புழுவும் கைமாறாமல் தடுப்பது எப்படி?

சொறிந்துகொண்டிருந்தது மணி. ஆகவே மருந்து மணிக்குத்தான் வேண்டும் என்று முடிவு செய்தேன். மூன்று மாதம் வீணானது அந்த ஒரு முடிவால்தான்.

மணி பதினேழு கிலோ எடையுள்ள நாட்டு நாய். கறுப்பி ஐந்து வயதுப் பூனை, வீட்டுக்கு மூத்தவள். ஐப்பசி மழையில் நனைந்து பக்கத்து வீட்டு ஸ்கூட்டருக்கு அடியில் கத்திக்கொண்டிருந்த குட்டியைத் துண்டில் சுற்றி உள்ளே கொண்டுவந்தேன். அதன் பெயர் பொட்டு. அது வந்த பத்தாம் நாள் மணி சுவரில் முதுகைத் தேய்க்க ஆரம்பித்தான். கார்த்திகை முடிவதற்குள் என் கணுக்காலிலும் சிவப்புத் தடிப்புகள். இரண்டு முறை "தெள்ளு ஒழிந்தது" என்று வீட்டில் அறிவித்து இரண்டு முறையும் அம்மாவிடம் அவமானப்பட்டேன். கடைசியில் பலித்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

1. யாரிடம் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

சொறிகிற பிராணியை மட்டும் அல்ல, எல்லாவற்றையும். தேவையானது நெருக்கமான பல் கொண்ட சீப்பு, ஈரப் பஞ்சு, ஒரு கிண்ணம் சோப்புத் தண்ணீர். செல்லப்பிராணிக் கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் சீப்பு எனக்குப் பிடிப்பதில்லை. பல் வளைந்து தெள்ளு நழுவிவிடுகிறது. ஃபேன்ஸி ஸ்டோரில் கிடைக்கும் உலோகப் பேன் சீப்பே போதும்.

வாலின் அடிப்பகுதி, பிடரி, வயிறு ஆகிய இடங்களில் சீவுங்கள். சீப்பில் வரும் கருப்புப் பொடியை ஈரப் பஞ்சில் வைத்து அழுத்துங்கள். மண்ணாக இருந்தால் மண்ணாகவே இருக்கும். செம்பழுப்பாகக் கசிந்தால் அது தெள்ளின் கழிவு, அதாவது செரித்த இரத்தம்.

எனக்கு அதிர்ச்சி தந்தது கறுப்பிதான். ஒரு முறைகூடச் சொறியாதவள், உடம்பில் ஒரு தெள்ளுகூடக் கண்ணில் படவில்லை, ஆனால் பஞ்சு முழுக்கச் சிவப்பு. பூனை நாள் முழுவதும் தன்னை நக்கிக்கொள்கிறது. தெள்ளை நக்கியே விழுங்கிவிடுகிறது. கண்ணில் படாததால் இல்லை என்று ஆகிவிடாது. அத்துடன், ஒரு விலங்கு சொறிவதும் சொறியாததும் தெள்ளின் எண்ணிக்கையைப் பொறுத்தது மட்டுமல்ல. தெள்ளின் எச்சிலுக்கு அதன் உடம்பில் ஒவ்வாமை இருக்கிறதா என்பதையும் பொறுத்தது. மணிக்கு இருந்தது, கறுப்பிக்கு இல்லை.

அப்படியே காதுகளையும் பாருங்கள். காபித்தூள் மாதிரிக் கருப்பாக அழுக்கு சேர்ந்திருந்தால் காதுப்பூச்சியாக இருக்கலாம். அது பூனையிடமிருந்து பூனைக்கும் நாய்க்கும் சுலபமாகத் தாவும். கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவு சிறியது என்பதால் டாக்டர் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும். பிறகு கால்விரல் இடுக்கு, காது மடிப்பு, கழுத்துப்பட்டைக்கு அடியில் உண்ணி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

2. எடை போடுங்கள், பிறகு டாக்டரிடம் போங்கள்

மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. பூனையைக் கட்டைப்பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு எடைப்பொறியில் நில்லுங்கள், பிறகு வெறும் பையோடு நில்லுங்கள், கழித்துக்கொள்ளுங்கள். கறுப்பி 3.8 கிலோ, பொட்டு 900 கிராம்.

எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டிகளுக்குப் பெரும்பாலான சொட்டு மருந்துகள் கூடாது. சீப்பும் வெதுவெதுப்பான குளியலும்தான் வழி. ஈறு வெளிறியிருந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் கொண்டு போங்கள். சின்னக் குட்டியின் இரத்தத்தை உயிருக்கு ஆபத்தாகும் அளவுக்குத் தெள்ளால் குடித்துவிட முடியும்.

இப்போது நான் பெரிய எழுத்தில் எழுத விரும்பும் விஷயம். நாயின் மருந்தைப் பூனைக்கு விடாதீர்கள். பாதி அளவும் விடாதீர்கள், ஒரு சொட்டும் விடாதீர்கள்.

டாக்டரிடம் போக நேரமில்லை என்று ஒரு கடையில் கேட்டேன். "நாய் மருந்துதான், கால் பங்கு விடுங்கள், போதும்" என்றார் கடைக்காரர். நானும் விட்டேன். இரண்டு மணி நேரத்தில் கறுப்பியின் காது துடித்தது, பிறகு கால்கள் நடுங்கின, வாயில் எச்சில் ஒழுகியது. பாத்திரம் கழுவும் திரவத்தால் வெதுவெதுப்பான நீரில் உடனே கழுவச் சொல்லி டாக்டர் போனிலேயே சொன்னார். கழுவிவிட்டு ஆட்டோவில் ஓடினேன். பிழைத்துக்கொண்டாள். நாய்களுக்கான பல சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறது. நாயின் கல்லீரல் அதைச் சிதைத்து வெளியேற்றிவிடும். அதற்குத் தேவையான வழி பூனையின் கல்லீரலில் மிகவும் பலவீனமானது. அதனால் விஷம் உடம்பில் தங்கி நரம்பைத் தாக்குகிறது. டெல்டாமெத்ரின், அமிட்ராஸ் ஆகிய பூச்சிக்கொல்லிகளையும் பூனையிடமிருந்து தள்ளியே வையுங்கள்.

இதில் இன்னொரு கண்ணி உண்டு. பெர்மெத்ரின் மருந்தை நாய்க்கே சரியாக விட்டாலும், ஈரம் காயும் முன் பூனை அதை நக்கினாலோ அதோடு ஒட்டிப் படுத்தாலோ ஆபத்து. பூனை இருக்கும் வீட்டில் நாய்க்கும் பெர்மெத்ரின் வேண்டாம் என்பதே என் கட்சி. மணிக்கு இப்போது ஐசாக்சோலின் வகை மெல்லும் மாத்திரை கொடுக்கிறேன். அது உண்ணியையும் பார்த்துக்கொள்கிறது. வலிப்பு வரலாறு உள்ள நாய் என்றால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இந்த வகை மருந்துகளால் சில நாய்களுக்கு நடுக்கமும் வலிப்பும் வரலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2018இல் எச்சரித்திருக்கிறது. பூனைகள் இரண்டுக்கும் பூனைக்கென்றே அளவிட்ட பிப்ரோனில், மெத்தோபிரீன் கலந்த சொட்டு. மெத்தோபிரீன் தெள்ளின் முட்டையையும் புழுவையும் வளரவிடாது. அது கலக்காத மலிவான வகையை வாங்கிச் சேமித்த நூறு ரூபாய்க்கு நான் கொடுத்த விலை அதிகம்.

3. ஒரே நாளில் அனைவருக்கும்

திங்கட்கிழமை நாய்க்கு, சம்பளம் வந்த பிறகு பூனைக்கு என்று செய்யாதீர்கள். நான் அப்படித்தான் செய்தேன். மணியின் மேல் விழுந்த தெள்ளுகள் செத்தன. ஆனால் கறுப்பியின் உடம்பில் ஓர் ஓட்டல் நடந்துகொண்டே இருந்தது, அங்கிருந்து முட்டைகள் வீடெங்கும் உதிர்ந்தன.

சொட்டு மருந்தை முடியைப் பிரித்துத் தோலில் விட வேண்டும், முடியின் மேல் அல்ல. நாக்கு எட்டாத பிடரியில், மண்டைக்குச் சற்றுக் கீழே. முந்தைய இரண்டு நாளும் பிந்தைய இரண்டு நாளும் குளிப்பாட்ட வேண்டாம். காயும் வரை ஆளுக்கொரு அறை, இல்லாவிட்டால் ஒன்றையொன்று நக்கிக்கொள்ளும்.

4. தரைதான் உண்மையான எதிரி

வளர்ந்த தெள்ளு விலங்கின் மேல் இருக்கும், ஆனால் மொத்தக் கூட்டத்தில் அது சுமார் ஐந்து சதவீதம்தான். மீதி முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் நம் தரையில் கிடக்கிறது. ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு நாற்பது ஐம்பது முட்டை வரை இடும். முட்டை ஒட்டாது, உப்புத்தூள் போல உதிரும். விலங்கு எங்கே படுக்கிறதோ அங்கேதான் அதிகம்.

மொசைக் தரை, டைல்ஸ் தரை என்பதால் நமக்குக் கவலையில்லை என்று நினைத்தேன். புழுக்கள் வெளிச்சத்தைக் கண்டால் ஒளிந்துகொள்ளும். கட்டிலடி, சோபா மடிப்பு, டைல்ஸ் இடுக்கு, பீரோவின் பின்புறம், எல்லாவற்றுக்கும் மேலாகத் தேங்காய் நார் மிதியடி. அந்த மிதியடியைத் தூக்கி எறியுங்கள், துவைக்க முயல வேண்டாம். அதன் மேல்தான் மணி தினமும் மதியம் தூங்குவான்.

துடைப்பம் இந்த வேலைக்கு உதவாது. அது முட்டையை இந்த அறையிலிருந்து அடுத்த அறைக்குக் கொண்டுபோகிறது. வேக்குவம் கிளீனரை இரவல் வாங்கியாவது பயன்படுத்துங்கள். முதல் இரண்டு வாரம் தினமும், பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள். உறிஞ்சியதை உடனே உறையில் கட்டி வீட்டுக்கு வெளியே போடுங்கள். விரிப்புகளை வெந்நீரில் துவைத்து மொட்டை மாடியில் உச்சி வெயிலில் போடுங்கள். தெள்ளுப் புழுவுக்கு ஈரப்பதம் வேண்டும், வறண்ட சூட்டில் அது காய்ந்து செத்துவிடும். மழைக்காலத்தில் தெள்ளு பெருகுவதும் அதனால்தான்.

அம்மா வேப்பிலைப் புகை போட்டார். வீடு மணந்தது. தெள்ளு அப்படியே இருந்தது.

5. மூன்றாம் வாரம்: இங்கேதான் நான் விழுந்தேன்

எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, பத்து நாள் நிம்மதியாக இருந்துவிட்டு, மூன்றாம் வாரம் கறுப்பியின் முதுகில் ஒரு தெள்ளு ஓடுவதைப் பார்த்தேன். அடுத்த நாள் நான்கு. மருந்து போலி என்று முடிவுகட்டினேன். வேறு மருந்து வாங்கினேன். அதுவும் பொய்த்தது போலவே தெரிந்தது. மூன்றாவது மருந்துக்குப் போகும்போது டாக்டர்தான் தடுத்தார்.

"மருந்து தோற்கவில்லை. நீங்கள் பார்ப்பது பழைய முட்டையின் பிள்ளைகள்" என்றார்.

விஷயம் இதுதான். புழு வளர்ந்து பட்டுப்போன்ற கூடு கட்டிக்கொள்ளும். அந்தக் கூடு பிசுபிசுப்பாக இருப்பதால் தூசியும் மணலும் ஒட்டி, பார்க்கத் தூசி மாதிரியே இருக்கும். எந்தப் பூச்சிமருந்தும் உள்ளே எளிதில் போகாது. உள்ளே இருப்பது உடனே வெளிவரவும் வேண்டியதில்லை. வெப்பம், அதிர்வு, மூச்சுக்காற்றில் வரும் கரியமில வாயு என்று பக்கத்தில் ஓர் உயிர் இருப்பதற்கான அடையாளம் கிடைக்கும் வரை மாதக்கணக்கில் காத்திருக்கும். பல மாதம் பூட்டிக்கிடந்த வீட்டுக்குக் குடிபோனவர்களைத் தெள்ளுக் கூட்டம் மொய்ப்பது இதனால்தான்.

அதனால் சிகிச்சை தொடங்கிய பிறகும் கூடுகளிலிருந்து புதுத் தெள்ளு வந்துகொண்டேதான் இருக்கும். வரட்டும். அது மருந்து போட்ட விலங்கின் மேல் குதித்துச் சாக வேண்டும். முட்டையிடும் முன் சாக வேண்டும். உங்கள் நாயும் பூனையும்தான் இப்போது பொறி. ஆகவே மூன்றாம் வாரத்தில் தெள்ளைப் பார்த்ததும் மருந்தை மாற்றாதீர்கள், நிறுத்தாதீர்கள், தவணைக்கு முன்பே இன்னொரு சொட்டும் விடாதீர்கள். குறைந்தது மூன்று மாதம், தேதி தவறாமல். தரையைத் தொடர்ந்து உறிஞ்சுங்கள். அந்த அதிர்வே கூட்டுக்குள் இருப்பதை வெளியே வரச் சொல்லித் தூண்டும்.

முன்னேற்றம் தெரிய ஓர் அளவுகோல் வேண்டும், இல்லாவிட்டால் மனம் தளரும். அக்கா மகனின் பள்ளிச் சீருடை வெள்ளைக் காலுறையை முழங்கால் வரை இழுத்துப் போட்டுக்கொண்டு எல்லா அறைகளிலும் ஐந்து நிமிடம் நடந்தேன். வெள்ளைத் துணியில் தெள்ளு பளிச்சென்று தெரியும். ஞாயிறுதோறும் எண்ணிக்கையைத் தினசரிக் காலண்டர் தாளில் எழுதினேன்: 23, 17, 19, 8, 5, 1, 0, 2, 0, 0. அந்தப் பத்தொன்பதைப் போன்ற ஓர் ஏற்றத்தைப் பார்த்துத்தான் முன்பு மருந்தை மாற்றியிருந்தேன். இரவில் விளக்கடியில் சோப்புத் தண்ணீர்த் தட்டு வைப்பதும் இப்படி எண்ணுவதற்கு நல்லது, ஒழிப்பதற்குப் போதாது.

6. குடற்புழு: இதுவும் தெள்ளின் கதைதான்

பொட்டு படுத்த துணியில் எள் மாதிரிக் காய்ந்த துகள்கள் கிடந்தன. எள்ளுருண்டை சிந்திவிட்டது என்றே நினைத்துத் தட்டிவிட்டேன். அவை நாடாப்புழுவின் துண்டுகள். புதிதாக விழும்போது அரிசி போல, வெள்ளரி விதை போல இருக்கும், நெளியவும் செய்யும்.

இந்த நாடாப்புழு மலத்தைத் தின்பதால் நேரடியாக வருவதில்லை. அதன் முட்டையைத் தெள்ளின் புழு தின்கிறது. அந்தத் தெள்ளு வளர்ந்ததும் பூனையோ நாயோ நக்கி விழுங்குகிறது. குடலில் இரண்டு மூன்று வாரத்தில் புது நாடாப்புழு தயார். ஆக, தெள்ளை விட்டுவிட்டுப் புழு மருந்து மட்டும் கொடுத்தால் அடுத்த மாதமே திரும்பும்.

நான் முதலில் கொடுத்த சிரப்பில் பைரன்டெல் மட்டும் இருந்தது. அது உருளைப்புழுவுக்கும் கொக்கிப்புழுவுக்கும் சரி, நாடாப்புழுவைத் தொடாது. அதற்குப் பிராசிகுவான்டெல் வேண்டும். அட்டையில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். இதையும் எல்லாருக்கும் ஒரே நாளில் கொடுங்கள்.

குட்டிகளுக்கு அட்டவணை வேறு. நாய்க்குட்டிக்குத் தாயின் வயிற்றிலேயே உருளைப்புழு வந்துவிடும். பூனைக்குட்டிக்குத் தாய்ப்பாலில் வரும். அதனால் பிறந்த இரண்டு மூன்று வாரத்திலிருந்தே இரு வாரத்துக்கு ஒரு முறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை. பெரியவற்றுக்குப் பொதுவாக மூன்று மாதத்துக்கு ஒரு முறை. சந்தேகம் என்றால் மலப் பரிசோதனை செய்துவிடுங்கள். அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள், சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

7. மணல் தொட்டி, சீப்பு, புது வரவு

நாய் பூனையின் மலத்தைத் தின்னும். எவ்வளவு செல்லமாக வளர்ந்த நாயும் தின்னும். மணல் தொட்டியை நாய் எட்டாத இடத்தில் வையுங்கள். குளியலறைக் கதவைப் பூனை நுழையும் அளவுக்கு மட்டும் திறந்து கொக்கி போட்டேன். தொட்டியைத் தினமும் சுத்தம் செய்யுங்கள். கொக்கிப்புழுவில் நாய், பூனை, மனிதர் மூவரையும் பிடிக்கும் இனமே உண்டு. அதன் இளம்புழு வெறுங்காலின் தோல் வழியாகவே நுழையும். வீட்டு வாசலில் கட்டுமான மணல் குவித்திருந்தால் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். தெருப்பூனைகளுக்கு அது கழிப்பறை, குழந்தைகளுக்கு அது விளையாட்டுத் திடல்.

புதுக் குட்டி வந்தால் இரண்டு வாரம் தனி அறை, தனிச் சீப்பு, தனித் துணி. மழையில் நனைந்த குட்டியைப் பார்த்தால் மனம் இளகும்தான். இளகட்டும், ஆனால் குளியலறையில் வைத்து இளகட்டும்.

பின்சேர்க்கை 1: ஒருவர் வீட்டில் முயலும் இருக்கிறதாம், அதே சொட்டை விடலாமா என்று கேட்டிருந்தார். வேண்டவே வேண்டாம். பிப்ரோனில் முயலைக் கொன்றுவிடும். முயலுக்கான மருந்தை டாக்டர்தான் தர வேண்டும்.

பின்சேர்க்கை 2: தேங்காயெண்ணெயில் கற்பூரம் கரைத்துத் தடவலாம் என்று மூன்று பேர் எழுதிவிட்டார்கள். பூனை அதை நக்கும். கற்பூரம் விஷம், அந்துருண்டை விஷம், டீ ட்ரீ எண்ணெய் பூனைக்குக் கடும் விஷம். உண்ணியின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றுவதும் வேண்டாம். குறுகிய முனையுள்ள இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுங்கள். எடுத்ததை நகத்தால் நசுக்காமல் ஸ்பிரிட்டில் போடுங்கள். நாயுண்ணி வீட்டுக்குள்ளேயே முழு வாழ்க்கையும் வாழக்கூடியது, சுவரேறும். காலண்டருக்குப் பின்னால், கதவு நிலை இடுக்கில், சுவிட்சுப் பெட்டியின் ஓரத்தில் பாருங்கள். எங்கள் வீட்டில் காலண்டருக்குப் பின்னால்தான் இருந்தன, நான் தெள்ளுக் கணக்கு எழுதிவந்த அதே காலண்டர்.

பின்சேர்க்கை 3: செய்தித்தாளில் வரும் "உண்ணிக்காய்ச்சல்" நாயிடமிருந்து வருவதா என்று ஒரு தாய் பயந்து கேட்டிருந்தார். அந்தப் பெயரில் இங்கே பெரும்பாலும் குறிப்பிடப்படுவது ஸ்க்ரப் டைபஸ். புதர்களிலும் புல்லிலும் இருக்கும் மிகச் சிறிய வேறொரு பூச்சியின் இளம்பருவம் கடிப்பதால் வருவது அது. நாயின் மேல் பார்க்கும் உண்ணி அல்ல. அதற்காக நாயுண்ணி சாது என்று சொல்லவில்லை. அது நாய்க்கு எர்லிக்கியா, பபேசியா காய்ச்சல்களைக் கொண்டுவரும், மனிதருக்கும் வேறொரு வகை டைபஸைப் பரப்பும். கடித்த பிறகு காய்ச்சல் வந்தால் கடித்ததை டாக்டரிடம் சொல்லுங்கள்.

பின்சேர்க்கை 4: வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார், பூனையை வெளியேற்றச் சொல்கிறார்கள் என்று ஒரு கடிதம். பூனையின் மலத்தில் வரும் டாக்ஸோபிளாஸ்மா என்ற நுண்ணிய ஒட்டுண்ணி வெளியே வந்து ஒன்று முதல் ஐந்து நாள் கழித்துத்தான் தொற்றும் நிலையை அடைகிறது. ஆகவே தொட்டியைத் தினமும் வேறொருவர் சுத்தம் செய்தால் பூனை வீட்டிலேயே இருக்கலாம். பூனைக்குப் பச்சை இறைச்சி கொடுக்காதீர்கள். கர்ப்பிணியும் அரைவேக்காட்டு இறைச்சியைத் தவிர்க்க வேண்டும். மற்றபடி மகப்பேறு மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை 5: வாசலில் சோறு வைக்கும் தெருநாயை என்ன செய்வது? மணி தினமும் கேட்டின் இடுக்கில் அவளோடு மூக்கை உரசுகிறான். அவளைப் பிடித்துச் சொட்டு மருந்து விட என்னால் முடியவில்லை. எடையைக் கண்ணால் மதிப்பிடும்படி டாக்டரிடம் போட்டோ காட்டினேன். இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு மணிக்கு ஒரு மாத்திரை, அவளுக்கு ஒரு மாத்திரை. அவளுடையதை ஈரல் துண்டுக்குள் மறைத்து வைக்க வேண்டும், வெந்த ஈரல். முதல் முறை ஈரலைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் என் செருப்பின் மேல் துப்பிவிட்டுப் போனாள்.